செங்கடல்: அக்கரையில் எடுத்த எங்கட கதை

வன்னிக்கு இரண்டு கடல். கிழக்கே கொக்கிளாயிலிருந்து சாலை வரைக்கும் நீளுகிற முல்லைத்தீவுக் கடல். மேற்கே பூநகரியில் தொடங்கி மன்னார்ப் பக்கம் இறங்குகிற கடல். கிழக்குக் கடலைப் பற்றி நாங்கள் நிறையக் கதைக்கிறோம். 2004இன் சுனாமியும் 2009இன் மே மாதமும் அந்தக் கரையில் நடந்தவை. மேற்குக் கடலைப் பற்றிக் கதைப்பது குறைவு. ஆனால் போர்க்காலத்தில் எங்கட சனத்தில் கனபேர் ஊரை விட்டுப் போனது அந்தக் கடலாலதான். போனவர்கள் இறங்கிய இடத்தின் பெயர் தனுஷ்கோடி.

அந்தத் தனுஷ்கோடியை வைத்து 2011இல் ஒரு தமிழ்ப்படம் வந்தது: 'செங்கடல்'. இயக்கியவர் கவிஞரும் ஆவணப்பட இயக்குநருமான லீனா மணிமேகலை. 'மாத்தம்மா', 'பறை', 'தேவதைகள்' போன்ற ஆவணப்படங்களுக்குப் பிறகு அவர் எடுத்த முதல் முழுநீளக் கதைப்படம் இது. அப்போது அவர் முப்பது வயதை ஒட்டியவர். படம் பெரிய தியேட்டர்களில் ஓடவில்லை. எங்கட பக்கத்தில் பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் வன்னியில் இருக்கிற ஒரு இளம் வாசகர் இந்தப் படத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, எங்கட வரலாற்றின் ஒரு துண்டு அதில் பதிவாகியிருக்கிறது. மற்றது, அந்தப் படத்தில் இல்லாத பாதியை எடுக்க வேண்டியவர்கள் நாங்கள்.

ரிக்கற் எடுத்துப் போன கடல்

தனுஷ்கோடி எப்பவும் பாழடைந்த ஊராக இருக்கவில்லை. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதோடு அது ஒரு துறைமுக நகரமாக வளர்ந்தது. சென்னை எழும்பூரில் ரயில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கலாம். அங்கே நிற்கிற கப்பலில் ஏறி ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடலைக் கடந்தால் தலைமன்னார். அங்கிருந்து மீண்டும் ரயில். 'போட் மெயில்' என்று அதற்குப் பெயர். கொழும்பு வரைக்கும் ஒரே ரிக்கற்றில் போகலாம்.

தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட ரயில் மன்னார், முருங்கன், மடு றோட், செட்டிகுளம் என்று வந்து மதவாச்சியில் வடக்குப் பாதையோடு சேரும். செட்டிகுளம் என்ற பெயரைக் கவனியுங்கள். 2009இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்னிச் சனத்தை முட்கம்பிக்குள் வைத்த மெனிக் பாம் முகாம்களும் அந்தச் செட்டிகுளம் பிரதேசத்தில்தான் இருந்தன. யாத்திரிகர்களும் வியாபாரிகளும் போய்வந்த ஒரு பாதையின் ஓரத்தில் பிறகு எங்கட சனம் அடைபட்டுக் கிடந்தது.

அந்தப் பாதை எல்லோருக்கும் உல்லாசப் பயணமாக இருந்ததில்லை. மலையகத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக் கொண்டுவந்ததும் அந்த வழியாலதான். அக்கரையில் மண்டபத்தில் ஒரு முகாம் இருந்தது. தோட்டத்துக்குப் போகிறவர்களை அங்கே தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கப்பலேற்றினார்கள். பிற்காலத்தில் ஈழத்திலிருந்து போன அகதிகளை முதலில் கொண்டுபோய் வைத்ததும் மண்டபம் முகாமில்தான். ஒரு நூற்றாண்டுக்குள் இரண்டு திசையில் போன ஏழைச் சனத்தையும் அதே ஊர் எண்ணி எடுத்தது.

1964 ஒக்ரோபர் 30இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு அரசுகளும் தங்களுக்குள் முடிவெடுத்தன. அதற்குப் பிறகு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22ஆம் திகதி ஒரு பெரும் புயல் வந்தது. அது எங்கட வவுனியா ஊடாகக் கடந்துதான் பாக்குநீரிணைக்குப் போனது. அன்றிரவு தனுஷ்கோடியைக் கடல் மூடியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட சனத்தோடு அலைக்குள் போனது. ஒருவரும் மிஞ்சவில்லை. நிலையம், தேவாலயம், தபாற் கந்தோர் எல்லாம் சுவர்களாக மட்டும் நின்றன. மனிதர் வாழத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது. பாம்பன் பாலத்தைத் திருத்தினார்கள். ஆனால் தனுஷ்கோடிக்கு ரயில் திரும்பி வரவில்லை.

கப்பல் சேவை இராமேஸ்வரத்துக்கு மாறியது. ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்ட மலையகச் சனம் தலைமன்னாரில் கப்பலேறி அந்த வழியாகப் போனது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்களைக் கேட்டால், அப்படிப் போன ஒரு உறவையாவது சொல்லுவார்கள். 1980களின் தொடக்கத்தில் அந்தக் கப்பலும் நின்றது. 1990இல் தலைமன்னார் ரயில் பாதையும் போரில் அழிந்தது. அது மீண்டும் ஓடத் தொடங்கியது 2015இல்தான்.

இரவில் கடந்த கடல்

கப்பல் நின்றாலும் கடல் அங்கேதான் இருந்தது. 1983க்குப் பிறகு அந்த 30 கிலோமீற்றரைச் சனம் மீன்பிடி வள்ளங்களில் கடந்தது. 1983, 1990, 1996, 2006 என்று போர் கடுமையாகிய ஒவ்வொரு முறையும் மன்னார்க் கரைக்கு வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆக்கள் வந்தார்கள். நகையை விற்று ஓட்டிக்குக் காசு கொடுத்தார்கள். கடற்படையின் கண்ணில் படாமல் இரவில்தான் பயணம்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் வரிசையாக மணல்திட்டுகள் இருக்கின்றன. கரைவரைக்கும் போகப் பயந்த ஓட்டிகள் சிலர் அந்தத் திட்டுகளிலேயே சனத்தை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். தண்ணியும் நிழலும் இல்லாத மணலில் குழந்தைகளோடு காத்திருக்க வேண்டும். இந்திய மீனவரோ கடற்படையோ கண்டால் உயிர் தப்பலாம். இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2022 மார்ச்சில் பொருளாதார நெருக்கடி தாங்காமல் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் 16 பேர் அக்கரைக்குப் போனபோதும், அவர்களில் சிலர் கைக்குழந்தையோடு ஒரு மணல்திட்டில்தான் விடப்பட்டிருந்தார்கள்.

ஒரு தலைமுறைக்கு முன் ரிக்கற் எடுத்துப் பகலில் போன கடல் இது. அதே கடலை அதே சனம் இரவில் களவாகக் கடக்க வேண்டி வந்தது. 1974இலும் 1976இலும் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டுக் கடலில் கோடு கீறின. கோடு எங்கே இருக்கிறது என்று தண்ணியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் அதைத் தாண்டியவர் ஒரு பக்கத்துக்கு அகதி, மற்றப் பக்கத்துக்குக் குற்றவாளி.

படத்துக்குள் யார் இருக்கிறார்கள்

தமிழ்நாட்டுச் சினிமா ஈழ அகதியைக் காட்டாமல் இருக்கவில்லை. மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' 2002இல் வந்தது. அதில் எங்கட மாங்குளத்தின் பெயர் வரும். ஆனால் திரையில் கண்ட மாங்குளம் மாங்குளத்தில் எடுத்ததல்ல. கதைக்கு ஒரு தாய் தேவை, ஒரு பிள்ளை தேவை, பின்னணியில் ஒரு போர் தேவை. எங்கட ஊர் அந்தப் பின்னணி. படம் வடிவாக இருந்ததென்பதை மறுக்கவில்லை. ஆனால் அதில் எங்கட ஆக்கள் மற்றவரின் கண்ணீருக்குக் காரணமாகத்தான் வருகிறார்கள்.

'செங்கடல்' எதிர்ப்பக்கமாகப் போனது. படக்குழு தனுஷ்கோடிக்கே போய், அங்கே வாழுகிற மீனவச் சனத்தையே நடிக்க வைத்தது. எழுத்தில் பங்கெடுத்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. படத்தில் நடித்தும் இருக்கிறார். 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வென்ற 'தீபன்' படத்தின் நாயகன் என்று இண்டைக்கு உலகம் அவரை அறியும். அதற்கு நாலு வருசம் முந்தி இந்தச் சின்னப் படத்தில் அவர் இருந்தார்.

கதை என்று பார்த்தால் சில வாழ்க்கைகளின் துண்டுகள். இலங்கைக் கடற்படை உளவாளி என்று சந்தேகப்படுகிற மீனவர் முனுசாமி. புத்தி பேதலித்து, ஒரு பொம்மை றேடியோவே உலகமாகத் திரியும் ஈழ அகதி சூரி. கரையேறும் அகதிகளுக்காக வேலை செய்யும் றோஸ்மேரி. இவர்களின் வாழ்க்கையைப் படமெடுக்க வந்து சிக்கலில் மாட்டும் மணிமேகலை என்ற இயக்குநர். அந்தப் பாத்திரத்தில் லீனாவே நடிக்கிறார்.

இயக்குநர் தன்னையே படத்துக்குள் கொண்டுவந்தது சிலருக்குப் பிடிக்கவில்லை. அகதியின் கதைக்கு நடுவில் கமெராக்காரிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அந்தக் கேள்வி நியாயமானது. என்றாலும் இன்னொரு விதமாகவும் யோசிக்கலாம். போர் முடிந்த பிறகு எத்தனை கமெராக்கள் எங்கட ஊர்களுக்கு வந்து போயின? வந்தவரின் கை ஒரு படத்திலும் தெரிந்ததில்லை. யார் பார்க்கிறார், எங்கே நின்று பார்க்கிறார், எப்போது திரும்பிப் போவார் என்பதெல்லாம் மறைந்திருக்கும். 'செங்கடல்' அதை மறைக்கவில்லை. வெளியிலிருந்து வந்தவர் வெளியாள்தான் என்று படமே சொல்கிறது.

படத்துக்குத் தமிழில் 'செங்கடல்' என்று பெயர். ஆங்கிலத்தில் 'சாக்கடல்' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். இரண்டு பெயரும் பைபிள் பக்கத்துக் கடல்கள். செங்கடல் பிளந்து ஒரு சனத்துக்கு வழிவிட்டது. சாக்கடலில் மீன் வாழாது. தனுஷ்கோடிக் கடலுக்கு இரண்டு பெயரும் பொருந்தும்.

சொல்லுக்குப் பயந்த அரசு

2011 தொடக்கத்தில் சென்னையிலுள்ள தணிக்கை வாரியம் படத்துக்குச் சான்றிதழ் மறுத்தது. மறுபரிசீலனைக் குழுவும் மறுத்தது. காரணத்தைக் கவனியுங்கள். இந்திய, இலங்கை அரசுகளைப் பற்றி இழிவான அரசியல் கருத்துகள் இருக்கின்றனவாம், சபைக்கு ஒவ்வாத சொற்கள் இருக்கின்றனவாம். போர்க்களக் காட்சி எதையும் வைத்து அவர்கள் படத்தை மறிக்கவில்லை. கரையில் நிற்கிற மீனவர் தன் வாயால் அரசுகளைத் திட்டுகிறார், அதுதான் பிரச்சினை.

மகன் கடலுக்குப் போய்த் திரும்பாவிட்டால் ஒரு தாய் எந்தப் பாசையில் கதைப்பாள்? மனுப் பாசையிலா? கடற்கரையில் வளர்ந்த எவருக்கும் விடை தெரியும். சொற்களைக் கழுவிவிட்டு அந்தத் துயரத்தைக் காட்டலாம் என்று வாரியம் நினைத்தது. படக்குழு அதற்கு ஒத்துக்கொள்ளாமல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. மாதக்கணக்கில் இழுபட்ட பிறகு 2011 யூலையில் வெட்டு இல்லாமல் சான்றிதழ் கிடைத்தது. அந்த ஆண்டே தென்னாபிரிக்காவின் டேர்பன் திரைப்பட விழாவிலும், பிறகு கோவாவில் நடந்த இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவின் இந்தியன் பனோரமா பிரிவிலும் படம் காட்டப்பட்டது. வாரியம் மறித்த படத்தை அதே நாட்டின் அரச விழா தெரிவுசெய்தது.

அந்த ஆண்டின் மற்றச் சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இலங்கைப் போர் பற்றிய ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை 2011 ஏப்ரலில் வெளியானது. சனல் 4 தொலைக்காட்சி எங்கட கடைசி நாட்களின் காட்சிகளை 2011 யூனில் ஒளிபரப்பியது. அதற்கு அடுத்த மாதம் 'செங்கடல்' விடுபட்டது. அறிக்கை, போனில் பிடித்த காட்சிகள், கதைப்படம் என்று மூன்று வகைச் சாட்சிகள் சில மாத இடைவெளியில் உலகத்துக்கு வந்தன.

இது இந்தியாவின் பழக்கம் மட்டும் அல்ல. பிரசன்ன விதானகே 1997இல் எடுத்த 'புரஹந்த களுவர' என்ற சிங்களப் படம் 2000இல் தடுக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2001இல்தான் அதற்கு விடுதலை கிடைத்தது. போரில் இறந்ததாகச் சொல்லி அனுப்பப்பட்ட மகனின் பெட்டியை நம்பாமல் திறந்து பார்க்கிற ஒரு கண்தெரியாத தகப்பனின் கதை அது. அதிலும் போர்க்களம் கிடையாது. அரசு சொன்னதை நம்பாத ஒரு கிழவர் மட்டும் இருக்கிறார். இரண்டு நாட்டிலும் அதிகாரத்தைக் குழப்பியது சாதாரண மனிதரின் நம்பாமைதான்.

இன்னொரு விசயம். 'செங்கடல்' போய் நியாயம் கேட்ட அந்தத் தீர்ப்பாயம் இப்போது இல்லை. 2021இல் இந்திய அரசு அதைக் கலைத்துவிட்டது. இனி அப்படி ஒரு படம் மறிக்கப்பட்டால் உயர்நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். கையில் காசில்லாத ஒரு இளம் இயக்குநருக்கு அது எவ்வளவு தூரம் என்று சொல்லத் தேவையில்லை.

எங்களுக்கு உறுத்துகிற இடம்

முல்லைத்தீவிலோ பூநகரியிலோ இந்தப் படத்தைத் திரையிட்டால் என்ன நடக்கும்? அகதிகள் வரும் காட்சியில் எல்லோரும் அமைதியாக இருப்பார்கள். ஆனால் தமிழ்நாட்டு மீனவர் இலங்கைக் கடற்படையிடம் படும் துன்பம் வரும்போது பின்வரிசையிலிருந்து ஒரு தொழிலாளி எழும்பி, "எங்கட வலையை அறுத்துக்கொண்டு போறவங்கள் ஆர்?" என்று கேட்பார். கேட்கத்தான் வேண்டும்.

போர்க்காலத்தில் வடக்குக் கடலில் எங்கட சனத்துக்குத் தொழில் தடை. பாஸ் இருந்தால்தான் போகலாம், அதுவும் குறிப்பிட்ட தூரம், குறிப்பிட்ட நேரம். அந்த வருசங்களில் அக்கரையில் இழுவைப் படகுகள் பெருகின. 2009க்குப் பிறகு எங்கட ஆக்கள் கடனெடுத்து வலை வாங்கிக் கடலில் இறங்கியபோது, றோலர்கள் இரவில் வந்து கடலின் அடியை வாரிக்கொண்டு போயின. ஒரே இரவில் லட்சக்கணக்கான ரூபாய் வலை போனவர்கள் எங்கட கரைகளில் இருக்கிறார்கள். இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடைசெய்தது. பிரச்சினை இண்டைக்கும் முடியவில்லை.

அப்படியென்றால் 'செங்கடல்' பொய் சொல்கிறதா? இல்லை. தனுஷ்கோடிக் கரையில் இருப்பவர்கள் கரைவலை இழுக்கிற, சின்ன வள்ளத்தில் போகிற சனம். றோலர் முதலாளிமார் அங்கே குடிசையில் இருப்பதில்லை. றோலரில் சுடுபடுகிறவரும் பிடிபடுகிறவரும்கூடப் பெரும்பாலும் கூலிக்குப் போகிறவர்தான். ஆனால் படம் ஒரு கரையில் நின்று பார்க்கிறது. அந்தக் கரையிலிருந்து பார்த்தால் இலங்கைப் பக்கத்தில் கடற்படைதான் தெரியும். கடற்படை முகாமுக்குப் பின்னால் வாடிக்குள் கிழிந்த வலையோடு இருக்கிற தமிழ் மீனவர் தெரியமாட்டார். லீனாவைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஒரு கமெரா ஒரு நேரத்தில் ஒரு கரையில்தான் நிற்கலாம். இந்தக் கரையில் கமெரா வைக்க வேண்டியவர் வேறு ஆள்.

எடுக்க வேண்டிய பாதி

அந்த ஆள் நீங்களாக இருக்கலாம். வன்னியில் இப்போது குறும்படம் எடுக்கிற இளம் ஆக்கள் இருக்கிறார்கள். கையில் நல்ல போன் இருக்கிறது, எடிட்டிங் பழகியிருக்கிறார்கள். ஆனால் பல குறும்படங்களில் எங்கட பாத்திரங்கள் கோடம்பாக்கத்துத் தமிழில் சண்டை பிடிக்கின்றன, மதுரைத் தமிழில் காதலிக்கின்றன. முல்லைத்தீவுக் கடற்கரை பாட்டுக்குப் பின்னணியாக மட்டும் வருகிறது.

'செங்கடல்' கற்றுத்தருகிற முதல் பாடம், ஊரை அந்த ஊர் ஆக்களைக் கொண்டே காட்டலாம் என்பது. இரண்டாவது பாடம், அவர்கள் கதைக்கிற பாசையை வெட்டாமல் விட வேண்டும் என்பது. வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்து, அதைப் பார்த்துத் தொழிலுக்குப் போன தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. மன்னாருக்கு நடந்து போய், ஓட்டிக்குக் காசு கொடுத்து, மணல்திட்டில் விடிய விடிய இருந்து, மண்டபம் முகாமில் பிள்ளை பெற்று, சமாதானம் வந்ததென்று நம்பித் திரும்பி வந்து, பிறகு 2009க்குள்ளும் அகப்பட்ட தாய்மார் இருக்கிறார்கள். அவர்களின் ஒரு ஆயுளுக்குள் மூன்று நான்கு படங்கள் இருக்கின்றன. நாயாற்றிலும் கொக்கிளாயிலும் தெற்கிலிருந்து வந்து வாடி போடுகிற மீனவரோடு எங்கட சனம் படுகிற பாடு இன்னொரு படம். வலை போனவர் ஒருநாள் தனுஷ்கோடிக்குப் போய் முனுசாமி போன்ற ஒருவரைச் சந்தித்தால் என்ன கதைப்பார் என்பதும் ஒரு படம். அதில் சண்டையும் வரும், கண்ணீரும் வரும். இரண்டையும் வெட்டக்கூடாது.

தனுஷ்கோடியின் முனை வரைக்கும் இப்போது தார் றோட்டு இருக்கிறது. சுற்றுலா பஸ்கள் போகின்றன. இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் நின்று படம் பிடிக்கிறார்கள். இன்னும் கொஞ்சக் காலத்தில் அந்தச் சுவர்களும் விழுந்துவிடும். எங்கட பக்கத்திலும் அப்படித்தான். பங்கர் மூடிய இடத்தில் வீடு வந்துவிட்டது, முகாம் இருந்த இடத்தில் காடு வந்துவிட்டது. இடம் மாறும்போது அதைக் கண்டவரின் சொல் மட்டும்தான் மிஞ்சும். சொன்னவருக்கும் வயது போகிறது. அதனால் நல்ல கமெரா வாங்கிய பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வருசமே உங்கட கரையில் இருக்கிற ஒரு பெரியவரிடம் போய், எந்தக் காற்றில், எந்த இரவில், யாரோடு கடந்தீர்கள் என்று கேளுங்கள். அவர் திட்டினாலும் சேர்த்துப் பதிவுசெய்யுங்கள்.